தரவு உள்ளீட்டுப் படிவங்களில் திருத்தப் பயன்முறை: தேவையும் வரம்பும்

கணினியில் ஏற்கெனவே சேமித்து வைத்த ஒரு பதிவைத் திறக்கும்போது, அது முதலில் பார்வைக்கு மட்டும் தோன்றி, ‘திருத்து’ என்னும் பொத்தானை அழுத்திய பிறகே மாற்றம் செய்ய இடம் தரும் ஏற்பாட்டைத் திருத்தப் பயன்முறை என்கிறோம். கணினித் துறையினர் இதனை ‘எடிட் மோடு’ என்பர். எல்லாப் படிவங்களுக்கும் இத்தகைய தனிப் பயன்முறை வேண்டுமா, அல்லது படிவம் எப்போதும் திறந்தே இருக்கலாமா என்பது மென்பொருள் வடிவமைப்பில் நெடுங்காலமாக இருந்துவரும் கேள்வியாகும்.

இது நிரலாளர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. பள்ளி அலுவலகம், கிராம நிர்வாக அலுவலகம், ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டுறவு சங்கம், இ-சேவை மையம் ஆகிய எல்லா இடங்களிலும் இன்று நம் பெயரும் பிறந்த தேதியும் முகவரியும் படிவங்களின் கட்டங்களுக்குள் இருக்கின்றன. அந்தக் கட்டம் பூட்டியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது சாதாரண மக்களின் வாழ்க்கையைத் தொடும் செய்தி. இக்கட்டுரை இரு தரப்பு வாதங்களையும் விளக்கி, எந்த வகைப் பதிவுக்கு எந்த ஏற்பாடு பொருந்தும் என்பதைப் பள்ளிப் பதிவேடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஆராய்கிறது.

மூன்று வகைப் படிவங்கள்

திருத்தம் செய்யும் முறையை வைத்துப் படிவங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, எப்போதும் திறந்திருக்கும் படிவம். பதிவைத் திறந்தவுடனேயே எல்லாக் கட்டங்களிலும் தட்டச்சு செய்யலாம். மைக்ரோசாஃப்ட் அக்சஸ் மென்பொருளில் அட்டவணையுடன் இணைத்து உருவாக்கும் படிவம் இயல்பாக இப்படித்தான் அமைகிறது. ஒரு கட்டத்தில் எழுத்தை மாற்றியதும் ஓரத்தில் சிறிய பென்சில் குறி தோன்றும். அடுத்த பதிவுக்கு நகர்ந்தால் மாற்றம் தானாகவே சேமிக்கப்பட்டுவிடும். வேண்டாம் என்றால் நகர்வதற்கு முன்பே எஸ்கேப் விசையை அழுத்த வேண்டும். அக்சஸில் திருத்தத்தை அனுமதிக்காமல் நிறுத்தி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் அதைப் படிவத்தை உருவாக்குபவர் நினைவாகச் செய்ய வேண்டும்.

இரண்டாம் வகை, பார்வை வேறு, திருத்தம் வேறு என்று பிரிக்கப்பட்ட படிவம். கைப்பேசியில் உள்ள தொடர்புகள் பட்டியல் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. ஒரு பெயரைத் தொட்டால் எண் தெரியும். அந்த எண்ணை மாற்ற வேண்டுமானால் பென்சில் குறியைத் தனியாகத் தொட வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வகையே. கட்டுரையைப் படிக்கும் பக்கம் வேறு, ‘தொகு’ என்பதை அழுத்தினால் வரும் பக்கம் வேறு.

மூன்றாம் வகை, இரண்டுக்கும் இடைப்பட்டது. பதிவு முழுவதும் பார்வைக்கு மட்டும் இருக்கும். குறிப்பிட்ட ஒரு கட்டத்தை அழுத்தினால் அந்தக் கட்டம் மட்டும் திறக்கும். எக்செல் விரிதாளை இதன் உறவுமுறை எனலாம். அதில் ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு எழுத்து எதையாவது தட்டினால், உள்ளே இருந்தது போய்ப் புதியது வந்துவிடும். எஃப்2 விசையை அழுத்தினாலோ இரு முறை சொடுக்கினாலோ உள்ளிருப்பதை வைத்துக்கொண்டு திருத்தலாம். எக்செல் திரையின் கீழ் இடது மூலையில் ‘ரெடி’, ‘என்டர்’, ‘எடிட்’ என்னும் சொற்கள் மாறி மாறித் தோன்றும். அவை அப்போதுள்ள பயன்முறையைத்தான் அறிவிக்கின்றன. பல ஆண்டுகளாக எக்செல் பயன்படுத்துவோரிலும் அந்த மூலையைப் பார்ப்பவர்கள் குறைவு.

காகிதப் பதிவேட்டின் ஒழுங்கு

கணினி வருமுன்னரே திருத்தத்துக்கு நம் அலுவலகங்களில் ஒழுங்கு இருந்தது. பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க விரும்புபவர் அலமாரியைத் திறந்து, பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைப்பார். பார்ப்பதால் எழுத்து மாறிவிடாது. மாற்ற வேண்டுமென்றால் பேனாவைக் கையில் எடுக்க வேண்டும். பேனா எடுப்பதுதான் அந்தக் காலத்துத் திருத்தப் பயன்முறை.

பேனா எடுத்த பிறகும் விதி உண்டு. தவறான சொல்லை அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதைப் பக்கத்தில் எழுதி, தலைமையாசிரியர் தேதியுடன் சுருக்கொப்பம் இட வேண்டும். பழைய சொல் கோட்டுக்கு அடியில் படிக்கும்படியாகவே இருக்கும். ‘அடித்தல் திருத்தல் இன்றி’ என்று படிவங்களில் அச்சிடுவதும், திருத்தம் இருந்தால் ஒப்பம் கேட்பதும் இந்த ஒழுங்கின் தொடர்ச்சியே.

சட்டமும் இதையே சொல்கிறது. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 15-ஆம் பிரிவின்படி, பதிவேட்டில் பிழை இருப்பது மெய்ப்பிக்கப்பட்டால் பதிவாளர் மூலப் பதிவை மாற்றாமல், ஓரத்தில் உரிய குறிப்பு எழுதித் திருத்தி, கையொப்பமிட்டுத் தேதி குறிக்க வேண்டும். திருத்தம் செய்யலாம், ஆனால் திருத்தியது தெரிய வேண்டும், யார் எப்போது திருத்தினார் என்பதும் தெரிய வேண்டும் என்பதே இதன் கருத்து.

தமிழ்ப் பதிப்புலகிலும் இதற்கு இணையான மரபு உண்டு. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். பல ஏடுகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த அவர், ஏடுகளுக்கிடையே கண்ட வேறுபாடுகளைப் பாடபேதம் என்று குறித்து வைத்தார். தாம் கொண்ட பாடமே சரியென்று கருதினாலும் மற்றதை மறைக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் சரிபார்க்க முடிந்தது அதனால்தான்.

காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியபோது வேகம் கிடைத்தது. ஆனால் பேனா எடுக்கும் செயலும், கோட்டுக்கு அடியில் தெரியும் பழைய சொல்லும் பல மென்பொருள்களில் காணாமற்போயின.

ஒரு பள்ளியில் நடந்தது

தருமபுரி மாவட்டத்தில் நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் நடந்ததை இங்கே சொல்வது பொருத்தமாகும். அரசின் இணையதளங்கள் வருவதற்கு முன், அலுவலகப் பயன்பாட்டுக்கென்று ஒருவர் எழுதிக் கொடுத்த சிறு மென்பொருள் ஒன்று அங்கே இருந்தது. மாணவர் எண்ணைத் தட்டினால் முழு விவரமும் திரையில் வரும். அது எப்போதும் திறந்திருக்கும் வகைப் படிவம். அடுத்த மாணவருக்கு நகர்ந்தால் தானாகச் சேமித்துக்கொள்ளும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கான பெயர்ப்பட்டியலைச் சரிபார்க்கும் நாளில் ஒரு மாணவியின் தாய் பிறப்புச் சான்றிதழுடன் வந்தார். கூலி வேலைக்குப் போகிறவர், அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். பட்டியலில் மகளின் பிறந்த மாதம் ஆகஸ்டு என்று இருந்தது. சான்றிதழில் ஜூன். காகிதச் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அதிலும் ஜூன்தான். கணினியில் மட்டும் தவறு.

அலுவலகத்தில் தற்காலிகமாகத் தட்டச்சு வேலை பார்த்த இளம்பெண்ணை அழைத்துக் கேட்டேன். “அந்தப் பிள்ளையோட விவரத்தைத் தொறந்து பாத்தேன் சார், எதையும் மாத்தல” என்றார். கணினியை வேறு யாரும் தொடுவதில்லை என்பதால் நான் நம்பவில்லை. மற்றவர்கள் முன்னிலையில் கடிந்து பேசினேன். அவர் அழுதார்.

இரண்டு நாள் கழித்து, வேறொரு மாணவரின் முகவரியைப் பார்க்க நானே அந்தப் படிவத்தைத் திறந்தேன். முகவரி திரையின் அடிப்பகுதியில் இருந்தது. கீழே போவதற்காகச் சுட்டியின் உருளையைச் சுழற்றினேன். திரை நகரவில்லை. என் கண் முன்னே பிறந்த மாதம் மார்ச்சிலிருந்து மே ஆனது. படிவம் திறந்ததும் தேர்வாகி நின்றது மாதத்தின் கீழ்விரி பட்டியல். உருளை சுழன்றால் நகர்வது திரையன்று, அந்தப் பட்டியல்.

அந்தப் பெண் சொன்னது முழு உண்மை. அவர் பார்க்கத்தான் செய்தார், மாற்றியது படிவம். ஆனால் ‘நான் பார்த்தேன், மாற்றவில்லை’ என்பதை மெய்ப்பிக்க அவரிடம் ஒரு வழியும் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கடிந்து பேசியபோது இருந்தவர்கள் எல்லோரும் மன்னிப்புக் கேட்டபோது இல்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

அந்தத் தாய் அன்று வந்திராவிட்டால் தவறான மாதம் மதிப்பெண் சான்றிதழில் அச்சாகியிருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான் பிற்காலத்தில் வேலை, கடவுச்சீட்டு எனப் பலவற்றுக்கும் ஆதாரமாகக் கேட்கப்படுகிறது. ஓர் ஆவணத்தில் ஒரு மாதமும் இன்னொன்றில் வேறு மாதமும் இருந்தால் அலைச்சல் முழுவதும் அந்தக் குடும்பத்துக்குத்தான்.

திருத்தப் பயன்முறை வேண்டும் என்பதற்கான காரணங்கள்

1. தற்செயல் மாற்றத்தைத் தடுத்தல். மேலே சொன்ன உருளைச் சிக்கல் ஒரு வகை. எண் கட்டங்களிலும் பல உலாவிகளில் உருளை சுழன்றால் எண் ஏறி இறங்குவது உண்டு. கைப்பேசியில் விரல் தவறிப் படுவதும், விசைப்பலகையின் மேல் நோட்டுப் புத்தகம் விழுவதும், வேறு சாளரத்தில் தட்டச்சு செய்வதாக நினைத்து இதில் தட்டுவதும் அன்றாடம் நடப்பவை. கட்டம் பூட்டியிருந்தால் இவற்றால் தீங்கில்லை.

2. பார்ப்பவருக்கு அச்சமின்மை. கணினிக்குப் புதிய ஒருவர், திறந்த படிவத்தைக் கண்டால் எதையாவது கெடுத்துவிடுவோமோ என்று தயங்குவார். பார்வை மட்டும் என்ற நிலை இருந்தால் துணிந்து பார்ப்பார்.

3. படிப்பதற்கு எளிமை. கட்டங்களும் அம்புக்குறிகளும் நிறைந்த திரையைவிட, தெளிவான எழுத்தாக வரும் விவரம் கண்ணுக்கு இதம். நீண்ட முகவரி கட்டத்துக்குள் பாதி மறைந்து நிற்காது.

4. உரிமைகளைப் பிரித்தல். வகுப்பாசிரியர் பார்க்கலாம், தலைமையாசிரியர் மட்டும் திருத்தலாம் என்று வைக்க வேண்டுமானால், பார்ப்பதும் திருத்துவதும் இரு செயல்களாகப் பிரிந்திருப்பது வசதி.

5. இருவர் ஒரே பதிவைத் திருத்தும் சிக்கல். எழுத்தர் 10 மணிக்கு ஒரு மாணவரின் பதிவைத் திறக்கிறார். வகுப்பாசிரியர் 10.05-க்கு அதே பதிவை வேறு கணினியில் திறக்கிறார். எழுத்தர் தொலைபேசி எண்ணை மாற்றிச் சேமிக்கிறார். பிறகு ஆசிரியர் முகவரியை மாற்றிச் சேமிக்கிறார். ஆசிரியரின் திரையில் இருந்தது பழைய தொலைபேசி எண். பதிவு முழுவதும் மீண்டும் எழுதப்பட்டால் எழுத்தரின் மாற்றம் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். ‘திருத்து’ என்பதை அழுத்தும் கணம் தெளிவாக இருந்தால், மென்பொருள் அந்தக் கணத்தில் பதிவைப் பிறருக்குப் பூட்டலாம். பூட்டாமலே, சேமிக்கும்போது ‘நீங்கள் திறந்த பிறகு இது மாறியுள்ளது’ என்று எச்சரிப்பது இன்னொரு வழி. விக்கிப்பீடியா இரண்டாம் வழியைப் பின்பற்றுகிறது.

வேண்டாம் என்பதற்கான காரணங்கள்

மறுதரப்பின் வாதமும் வலுவானது. கணினி வரலாற்றில் பயன்முறைகளால் நேர்ந்த தொல்லைகள் ஏராளம்.

அமெரிக்காவின் சிராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் 1970-களில் பிராவோ என்ற உரைத் திருத்தி உருவானது. அதில் கட்டளைக்கு ஒரு பயன்முறை, எழுதுவதற்கு ஒரு பயன்முறை. எழுதும் நிலையில் இருப்பதாக எண்ணிக்கொண்டு, கட்டளை நிலையில் ஒருவர் ‘எடிட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துகளைத் தட்டினால் என்ன ஆகும்? முதல் எழுத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடு என்ற கட்டளை. இரண்டாம் எழுத்து, நீக்கு. மூன்றாம் எழுத்து, செருகு. நான்காம் எழுத்து செருகப்படும். ஆவணம் முழுவதும் போய் ஒரே ஓர் எழுத்து மிஞ்சும். பயன்முறைப் பிழைக்கு இன்றும் காட்டப்படும் எடுத்துக்காட்டு இது.

அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லாரி டெஸ்லர் (1945–2020), வெட்டு, நகலெடு, ஒட்டு ஆகிய செயல்களை நமக்குப் பழக்கப்படுத்தியவர்களில் முதன்மையானவர். பயன்முறைகளே வேண்டாம் என்பதை வாழ்நாள் கொள்கையாகக் கொண்டவர். தம் காரின் எண்பலகையிலேயே ‘நோ மோட்ஸ்’ என்று பொறித்து வைத்திருந்தார். மெக்கின்டோஷ் கணினித் திட்டத்தைத் தொடங்கிய ஜெஃப் ராஸ்கின் 2000-இல் வெளியிட்ட ‘தி ஹியூமேன் இன்டர்ஃபேஸ்’ என்ற நூலிலும் பயன்முறைகளைக் கடுமையாக எதிர்த்தார். தற்போது எந்தப் பயன்முறையில் இருக்கிறோம் என்பதில் பயனரின் கவனம் இருப்பதில்லை, கவனம் வேலையில்தான் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அன்றாட வேலையிலும் சிரமம் உண்டு. ஒரு வகுப்பில் 40 மாணவர்களின் உயரத்தையும் எடையையும் பதிய வேண்டும் என்று கொள்வோம். ஒவ்வொருவருக்கும் ‘திருத்து’, ‘சேமி’ என இரண்டு அழுத்தங்கள் கூடினால் 80 அழுத்தங்கள். 600 பேர் உள்ள பள்ளிக்கு 1200. இணைய இணைப்பு மெதுவாக உள்ள மலையோரக் கிராமத்தில் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் பக்கம் மீண்டும் ஏற வேண்டுமென்றால் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அதிலேயே போகும். பாடம் நடத்த வேண்டிய ஆசிரியரின் நேரம் அது.

இன்னொரு குறையும் உண்டு. ‘திருத்து’ என்பதை ஒரு நாளைக்கு 200 முறை அழுத்துபவருக்கு அது எச்சரிக்கையாக இருப்பதில்லை, கை தானாக அழுத்திவிடும். ‘நிச்சயமாகச் சேமிக்கவா?’ என்று கேட்கும் பெட்டிக்கும் இதே கதிதான். எப்போதும் ‘ஆம்’ என்றே பதில் வரும் கேள்வியை யாரும் படிப்பதில்லை.

எதிர்வாதத்தின் எல்லை

டெஸ்லரும் ராஸ்கினும் சுட்டிய குற்றம், ஒரே விசை ஒரே திரையில் வெவ்வேறு பொருள் தருவதும், அது வெளியே தெரியாமல் இருப்பதுமே. பிராவோவில் கட்டளை நிலையில் தட்டினால் ஆவணம் அழிந்தது. பூட்டிய படிவத்தில் பயனர் தவறுதலாகத் தட்டினால் ஒன்றும் நடக்காது, அவ்வளவே. ஒரு பிழையின் விலை ஆவணம் முழுவதும், மற்றதன் விலை ஒரு விநாடி. ஆகவே எல்லாப் பயன்முறைகளையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எனினும் மறுபக்கத்தில் ஒரு பிழை உண்டு. திருத்தப் பயன்முறையில் இருப்பதை மறந்து, பார்த்துக்கொண்டிருப்பதாக எண்ணினால் பழைய ஆபத்து திரும்பி வருகிறது. திருத்திவிட்டுச் சேமிக்காமல் சாளரத்தை மூடினால் செய்த வேலை வீணாகிறது. எனவே பயன்முறை இருந்தால் மட்டும் போதாது, அது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

பூட்டு மட்டும் போதுமா?

மனம் அறிந்தே செய்யும் தவறான திருத்தத்தைத் திருத்தப் பயன்முறையால் தடுக்க முடியாது. இதற்கு நம் மாவட்டத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. தருமபுரி மாவட்டம் 2.10.1965 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 9.2.2004 அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. எனவே 1990-இல் ஒசூரில் பிறந்தவரின் பழைய சான்றிதழில் தருமபுரி மாவட்டம் என்றே இருக்கும். அது பிழையன்று, அன்றைய உண்மை. 2004-க்குப் பின் அந்தப் பதிவைப் பார்க்கும் ஒருவர், ஒசூர் கிருஷ்ணகிரியில்தானே இருக்கிறது என்று நல்லெண்ணத்துடன் மாற்றிவிடக் கூடும். அவர் ‘திருத்து’ என்பதை அழுத்தித்தான் மாற்றுவார். மூலச் சான்றிதழுக்கும் கணினிக்கும் அன்று முதல் முரண்பாடு தொடங்கும்.

இங்கே தேவைப்படுவது மாற்ற வரலாறு. பழைய மதிப்பு என்ன, புதியது என்ன, யார், எப்போது, எந்த ஆவணத்தின் அடிப்படையில் மாற்றினார் என்பவை பதிவாக வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் ‘வரலாற்றைக் காட்டவும்’ என்னும் பகுதி இதைத்தான் செய்கிறது. யாரும் தொகுக்கலாம் என்று திறந்துவிட்ட இடத்தில் ஒழுங்கு நிலைப்பதற்குப் பூட்டைவிட அந்த வரலாறே முதன்மைக் காரணம்.

வணிகத்திலும் அரசு இதையே வலியுறுத்தியது. நிறுவனங்கள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதியுடன் தடப்பதிவு இருக்க வேண்டும், அதை முடக்கி வைக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் கணக்கு விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தம் 1.4.2023 முதல் நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் ஒற்றைக் கோடும் சுருக்கொப்பமும் செய்த வேலையை இந்தத் தடப்பதிவு செய்கிறது.

என் பள்ளிக் கதையில் வரலாறு மட்டும் இருந்திருந்தால் அந்தப் பெண்ணின் பெயரே திருத்தியவராகப் பதிவாகியிருக்கும். அவர் செய்யாததற்கு எழுத்துப்பூர்வமான சாட்சி வேறு சேர்ந்திருக்கும். பூட்டு மட்டும் இருந்திருந்தால் அந்தத் தவறு நேர்ந்திராது, ஆனால் வேறொரு நாள் வேறொருவர் வேண்டுமென்றே செய்யும் மாற்றம் தெரியாமல் போயிருக்கும். பூட்டு இருக்கும்போதுதான் ‘இன்னார் திருத்தினார்’ என்ற வரிக்குப் பொருள் வருகிறது. ஏனெனில் அவர் திருத்த நினைத்துப் பொத்தானை அழுத்தினார் என்பது அதில் அடங்கியுள்ளது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை.

எங்கே தேவை, எங்கே தேவையில்லை

ஒரு படிவத்துக்குத் திருத்தப் பயன்முறை வேண்டுமா என்பதை நான்கு கேள்விகளால் முடிவு செய்யலாம்.

• இந்தப் பதிவு அதிகம் பார்க்கப்படுகிறதா, அதிகம் மாற்றப்படுகிறதா?
• தவறுதலாக மாறினால் யாருக்கு, எவ்வளவு நட்டம்?
• மாறியது உடனே கண்ணில் படுமா, ஆண்டுகள் கழித்துத் தெரியுமா?
• ஒருவர் மட்டும் கையாளுகிறாரா, பலர் கையாளுகிறார்களா?

மாணவரின் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, சாதிச் சான்று விவரம் ஆகியவை சேர்க்கையின்போது ஒருமுறை பதியப்பட்டுப் பின் பல ஆண்டுகள் பார்க்க மட்டுமே படுபவை. தவறினால் நட்டம் பெரிது. பிழை பொதுத்தேர்வு நேரத்தில்தான் வெளிப்படும். இவற்றுக்குத் திருத்தப் பயன்முறை கட்டாயம் வேண்டும். பிறந்த தேதிக்குத் தனிப் பூட்டும், காரணம் கேட்கும் கட்டமும் இருப்பது நல்லது. ஆதாரில் பிறந்த தேதியைத் திருத்துவதற்கு இருக்கும் கட்டுப்பாடுகளை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் புரியும்.

தினசரி வருகைப்பதிவு இதற்கு நேர்மாறு. அன்றன்று நிரப்ப வேண்டியது, ஒரே ஆசிரியர் நிரப்புவது, தவறினால் அப்போதே தெரிவது. அதைத் திறந்த படிவமாகவே வைக்கலாம். ஆனால் நாள் முடிந்த பிறகு நேற்றைய வருகைப்பதிவு பூட்டப்பட வேண்டும். ஒரே தரவு இன்று திறந்தும் நாளை பூட்டியும் இருப்பது முரண்பாடன்று.

புதிய பதிவு உருவாக்கும் வெற்றுப் படிவத்துக்குத் திருத்தப் பயன்முறை பொருளற்றது. அங்கே பாதுகாக்க வேண்டிய பழைய மதிப்பு எதுவும் இல்லை. உயரம், எடை போல மொத்தமாகப் பதிய வேண்டியவற்றுக்கு வகுப்பு முழுவதற்கும் ஒரே ‘திருத்து’, ஒரே ‘சேமி’ வைத்தால் 80 அழுத்தங்கள் இரண்டாகிவிடும். வேகமும் கிடைக்கும், பாதுகாப்பும் கிடைக்கும்.

நல்ல திருத்தப் பயன்முறையின் இலக்கணம்

படிவம் உருவாக்கும் மாணவர்கள் பின்வருவனவற்றைக் கருத்தில் கொள்ளலாம்.

1. பார்வை நிலையும் திருத்த நிலையும் ஒரு பார்வையிலேயே வேறுபட வேண்டும். நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. நிறம் பிரித்தறிய இயலாதவர்களும் பயன்படுத்துவார்கள். ‘திருத்தம் நடைபெறுகிறது’ என்று எழுத்திலும் காட்ட வேண்டும்.

2. பார்வை நிலையில் விவரம் தெளிவான கறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். மங்கிய சாம்பல் கட்டங்கள் முதியோர் கண்ணுக்குத் தெரியா. எண்ணையோ பெயரையோ நகலெடுக்கவும் முடிய வேண்டும்.

3. எச்டிஎம்எல் மொழியில் கட்டத்தைப் பூட்ட ‘ரீட்ஒன்லி’, ‘டிசேபிள்டு’ என்னும் இரு பண்புகள் உண்டு. முதலாவது வைத்த கட்டத்தின் மதிப்பு படிவத்துடன் சேர்ந்து அனுப்பப்படும். இரண்டாவது வைத்த கட்டத்தின் மதிப்பு அனுப்பப்படாது. இந்த வேறுபாடு தெரியாமல் எழுதினால், பூட்டிய கட்டத்தின் மதிப்பு வெற்றாகச் சேமிக்கப்படும் விபரீதம் நேரலாம்.

4. ‘சேமி’ இருக்கும் இடத்தில் ‘கைவிடு’ இருக்க வேண்டும். சேமிக்காமல் வெளியேற முயன்றால் மட்டும் எச்சரிக்க வேண்டும்.

5. முக்கியமான கட்டத்தைச் சேமிக்கும் முன் பழையதையும் புதியதையும் அருகருகே காட்ட வேண்டும். ‘பிறந்த மாதம்: ஜூன், இனி ஆகஸ்டு’ என்று கண்டால் யாரும் நிதானிப்பார்கள். ‘நிச்சயமா?’ என்ற வெறும் கேள்வி இதைச் செய்யாது.

6. திரையின் பூட்டு தற்செயலைத்தான் தடுக்கும். உரிமையற்றவர் திருத்துவதைத் தடுக்கும் சோதனை வழங்கிக் கணினியில் தனியாக இருக்க வேண்டும்.

செய்து பார்க்க

மாணவர்கள் தங்கள் கைப்பேசியில் தொடர்புகள் பட்டியல், குறிப்பேட்டுச் செயலி, விரிதாள் ஆகிய மூன்றையும் திறந்து, எதில் தொட்டவுடன் எழுத்து மாறுகிறது, எதில் அனுமதி கேட்கிறது என்று குறித்துப் பார்க்கலாம். குறிப்பேடு ஏன் திறந்தும் தொடர்புகள் ஏன் பூட்டியும் இருக்கின்றன என்பதற்கு மேலே உள்ள நான்கு கேள்விகளைக் கொண்டே விடை காண முடியும்.

முடிவாக

எல்லாப் படிவத்துக்கும் திருத்தப் பயன்முறை வேண்டும் என்பதும், எதற்கும் வேண்டாம் என்பதும் பொருந்தா. எழுதுவதற்காகத் திறக்கும் படிவம் திறந்திருக்கட்டும். பார்ப்பதற்காகத் திறக்கும் பதிவு பூட்டியிருக்கட்டும். ஒருவருடைய அடையாளத்தைச் சுமக்கும் பதிவு பூட்டுடன் வரலாற்றையும் சேர்த்துச் சுமக்கட்டும். கணினியில் உள்ளதே உண்மை என்று நாம் பழகிவரும் காலத்தில், பழைய சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையானுக்குக் கொடுக்காமல் பாதுகாப்பதும் அவ்வளவே முக்கியம். அந்த மாணவியின் ஜூன் மாதத்தை மீட்டுத் தந்தது ஒரு காகிதப் பதிவேடும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அவள் தாயும்தான்.